எவ்வளவு தாங்கும் என்பது பாதிக் கேள்விதான்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி பாலத்தைப் பற்றியே. சிம்போசியம் பருவம் வந்துவிட்டால், ஐஸ் குச்சியில் மாதிரிப் பாலம் கட்டி எடை ஏற்றும் போட்டிகளால், மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் அந்தக் குச்சிகளுக்குத் தட்டுப்பாடு வரும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த வாரத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்த முறை முழுக்கப் பாலம்.

எங்கள் பாலம்தான் அதிக எடை தாங்கியது. ஆனால் பரிசு இன்னொரு அணிக்குப் போய்விட்டது. 'உங்கள் பாலம் கனம்' என்று காரணம் சொல்கிறார்கள். இது நியாயமா, சார்?
*சிவில் இரண்டாம் ஆண்டு மாணவர், திருப்பரங்குன்றம்*

நியாயம்தான் தம்பி. 400 கிராம் பாலம் 40 கிலோ தாங்கினால் தன் எடையைப்போல் 100 மடங்கு. 250 கிராம் பாலம் 30 கிலோ தாங்கினால் 120 மடங்கு. இரண்டாவதுதான் ஒவ்வொரு குச்சிக்கும் சரியான வேலை கொடுத்த பாலம். நிஜப் பாலத்தில் ஒவ்வொரு கிலோ இரும்புக்கும் காசு. அந்தக் காசு மக்கள் பணம்.

ஆனால் உங்களையும் ஜெயித்தவர்களையும் சேர்த்தே ஒன்று கேட்கிறேன். 10 கிலோ வைத்தபோது பாலத்தின் நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது? 20 கிலோவில் எத்தனை? எடையை எடுத்த பிறகு எவ்வளவு திரும்பி மேலே வந்தது? எழுதி வைத்திருந்தால் தோற்றவரும் ஏதோ கற்றிருக்கிறார். எழுதவில்லை என்றால் கோப்பை வாங்கியவருக்கும் கையில் மிஞ்சியது உடைந்த குச்சி மட்டும்தான்.

பாலம் வளையக் கூடாது அல்லவா? வளைந்தால் அது பலவீனம்தானே?
*பதினொன்றாம் வகுப்பு மாணவி, மேலூர்*

வளையாத பாலம் உலகத்தில் இல்லை, மகளே. ஒரு காக்கை வந்து உட்கார்ந்தாலும் பாலம் வளையும். அளக்க நம்மிடம் கருவி போதாது, அவ்வளவுதான். எவ்வளவு வளையலாம் என்பதற்குத்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியச் சாலைப் பாலங்களுக்கு விதி எழுதும் அமைப்பு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். சுருக்கமாக ஐ.ஆர்.சி. வண்டிகளின் எடையால் ஒரு கர்டர், அதாவது பாலத்தைத் தாங்கும் உத்திரம், தன் நீளத்தில் 800-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யக் கூடாது என்பது அதன் கணக்கு. 30 மீட்டர் கர்டர் என்றால் 37.5 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு விரல் அகலம் இறங்கி ஏறலாம், குற்றமில்லை.

அதே விகிதத்தை 60 சென்டிமீட்டர் நீள மாதிரிப் பாலத்துக்குப் போட்டுப் பாருங்கள். முக்கால் மில்லிமீட்டர் வரும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற அளவு உங்கள் பாலம் தொய்ந்தால், உடையாவிட்டாலும் நிஜ வாழ்க்கையில் அது பாஸ் ஆகாது.

உடையாமலே தோற்ற பாலம் உண்டு. லண்டனில் தேம்ஸ் மேல் கட்டிய மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10-ஆம் தேதி திறந்தது. ஜனம் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடினார்கள். அதிர்வை அடக்கும் கருவிகள் பொருத்தி மறுபடி திறந்தது 2002-இல். தாங்கும் சக்தியில் அந்தப் பாலத்துக்கு ஒரு குறையும் இல்லை. அசைவில்தான் குறை.

டயல் கேஜ் வாங்க எங்கள் பள்ளியில் வசதி இல்லை. அடிக்கோலை வைத்து அளக்கலாமா?
*அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர், உசிலம்பட்டி*

அடிக்கோலில் ஒரு மில்லிமீட்டர்தான் கடைசிக் கோடு. உங்களுக்கு வேண்டியதோ அதற்கும் கீழே. ஆனால் வழி இருக்கிறது. நீங்கள் இயற்பியல் ஆசிரியர் என்பதால் ரசித்துச் செய்வீர்கள்.

சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பாலத்தின் ஒரு முனையில், தாங்கி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, ஒட்டுங்கள். லேசர் பாயிண்டரை அசையாத இடத்தில் கட்டி, ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவரில் விழும்படி செய்யுங்கள். நடுவில் எடை தொங்கியதும் பாலத்தின் முனை மிகச் சிறிதாகச் சாயும். கண்ணாடி சாய்ந்தால் ஒளி அதைப்போல் இரு மடங்கு திரும்பும். சுவர் 5 மீட்டர் தள்ளி இருக்கிறது, பாலம் 60 சென்டிமீட்டர் என்றால், சுவரில் புள்ளி நகர்ந்த தூரத்தை 50-ஆல் வகுத்தால் நடுத் தொய்வு. முக்கால் மில்லிமீட்டர் தொய்வு சுவரில் நாலு சென்டிமீட்டராகத் தெரியும். வேறு அளவுகளுக்கு: சுவர் தூரத்தை ஆறால் பெருக்கிப் பாலத்தின் நீளத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்பது கிடைக்கும்.

இந்தக் கணக்கு நீளம் முழுக்க ஒரே குறுக்களவு உள்ள சட்டத்துக்கு. குச்சிகளைக் கோத்த பாலத்தில் கொஞ்சம் விலகும். அதனால் முதலில் வகுப்பறை மர மீட்டர் கோலை இரண்டு செங்கல் மேல் வைத்துச் சோதித்துவிடுங்கள். அதன் தொய்வை அடிக்கோலாலேயே அளக்க முடியும், சுவர்க் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். லேசர் ஒளி எந்தப் பிள்ளையின் கண் மட்டத்திலும் போகக் கூடாது. அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு லேத் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். சக்கில் பூட்டிய ஜாப் மையத்தில் சுற்றுகிறதா என்று பார்க்க அங்கே டயல் கேஜ் வைத்திருப்பார்கள். முள் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மில்லிமீட்டர். சுற்றில் 100 கோடு. ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். காந்த அடித்தட்டோடு ஒரு நாள் இரவல் கேளுங்கள். பிள்ளைகளுக்கு என்று சொன்னால் கொடுக்கிற மனசு நம்ம ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கு உண்டு.

டயல் கேஜ் வைத்துத்தான் அளந்தோம். கணக்குப் போட்டதைவிடத் தொய்வு ரொம்ப அதிகம் வருகிறது. பாலம் மோசமா, கணக்கு மோசமா?
*பாலிடெக்னிக் மாணவர்கள் மூவர், மதுரை*

இரண்டுக்கும் முன்னால் மேசையைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலான போட்டிகளில் இரண்டு மேசைகளை விலக்கிப் போட்டு நடுவில் பாலத்தை வைக்கிறார்கள். 30 கிலோ தொங்கும்போது மேசைப் பலகையும் கொஞ்சம் அமுங்கும், பாலத்தின் கால் மரமும் நசுங்கும். கேஜ் அத்தனையையும் சேர்த்தே காட்டும். எது யாருடைய பங்கு என்று அதற்குத் தெரியாது.

கேஜ் நிற்கிற ஸ்டாண்டை, பாலம் உட்கார்ந்த மேசையில் வைக்காதீர்கள். தரையிலிருந்து தனியாக எழுப்புங்கள். நடுவில் ஒரு கேஜ், இரண்டு தாங்கிகளின் மேல் ஒவ்வொன்று என்று மூன்று வைத்தால் உத்தமம். இரு முனைகளின் சராசரியை நடு ரீடிங்கிலிருந்து கழித்தால்தான் பாலத்தின் சொந்தத் தொய்வு. ஒரே கேஜ்தான் இருக்கிறதென்றால் அதே எடையை மூன்று தடவை ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஓரிடத்தில் வையுங்கள்.

முதல் ஏற்றத்தை நம்பாதீர்கள். மூட்டுகளும் கால்களும் படிந்து உட்கார்வதற்கு ஒரு சிறு எடையை ஏற்றி இறக்கிவிட்டு, அதன் பிறகு முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். பாலத்தை உடைக்கப் போகும் கட்டத்துக்கு முன்னால் கேஜைக் கழற்றிவிடுங்கள், இரவல் வாங்கியது.

இத்தனையும் செய்த பிறகும் வித்தியாசம் இருந்தால், கணக்கில் ஒட்டுகளை விட்டிருப்பீர்கள். பசையும் விட்டுக்கொடுக்கும்.

ஃபிசிக்ஸ் லேபில் யங் குணகம் செய்தபோதும் இதைத்தானே செய்தோம்?
*பொறியியல் முதலாண்டு மாணவி, மதுரை*

அதேதான்! இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். இரண்டு கத்தி முனைகள் மேல் ஒரு மரச் சட்டம், நடுவில் எடைத் தாங்கி, ஒரு குண்டூசி, நகரும் நுண்ணோக்கி. ஐம்பது ஐம்பது கிராமாக ஏற்றி ஊசி முனை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தீர்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படித்த பொறியியல் மாணவர்கள் பலரும் முதலாண்டிலேயே ஒரு பாலத்தைச் சுமைச் சோதனை செய்து முடித்தவர்கள்தான். அது பாலம் என்று யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஒரே ஒரு வித்தியாசம். லேபில் ஏற்றும்போது ஒரு ரீடிங், இறக்கும்போது ஒரு ரீடிங், இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பீர்கள். பாலத்துக்கு அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். ஏறும்போது காட்டியதும் இறங்கும்போது காட்டியதும் ஏன் வேறாக இருக்கின்றன என்பதுதான் செய்தி. சராசரி எடுத்தால் அந்தச் செய்தியை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். எடை எல்லாம் இறங்கிய பிறகும் முள் பூஜ்யத்துக்கு வராமல் நின்றால், உள்ளே எங்கோ ஒரு ஒட்டு நழுவியிருக்கிறது, ஒரு குச்சி நார் விட்டிருக்கிறது.

நிஜப் பாலத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்? உடைத்தா பார்க்க முடியும்?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அண்ணா நகர்*

உடைக்க முடியாது என்பதால்தான் தொய்வை அளக்கிறார்கள் ஐயா.

எடை போட்டுச் சரிபார்த்த லாரிகளைப் பாலத்தின் மேல் குறித்த இடங்களில் நிறுத்துவார்கள், அல்லது மணல் மூட்டை, கான்கிரீட் கட்டைகளை அடுக்குவார்கள். ஒரேயடியாக அல்ல, படிப்படியாக. ஒவ்வொரு படியிலும் கேஜ் ரீடிங், விரிசல் பார்வை. முழுச் சுமையையும் ஏற்றிய பின் 24 மணி நேரம் அப்படியே விடுவார்கள். பிறகு படிப்படியாக இறக்கிவிட்டு, இன்னும் 24 மணி நேரம் காத்திருந்து, எவ்வளவு திரும்பியது என்று பார்ப்பார்கள். ஐ.ஆர்.சி.யின் சுமைச் சோதனை வழிகாட்டி எஸ்.பி. 51. அதன்படி சாதாரண கம்பி கான்கிரீட் பாலம் தன் தொய்வில் குறைந்தது 75 சதவீதம் திரும்ப வேண்டும். முன்தகைவு கான்கிரீட் பாலம் 85 சதவீதம். கட்டடங்களுக்கான ஐ.எஸ். 456-லும் இதே 75 சதவீதம்தான். தவறினால் 72 மணி நேரம் கழித்து ஒரே ஒரு மறுவாய்ப்பு, அப்போது 80 சதவீதம் காட்ட வேண்டும். மறுதேர்வில் பாஸ் மார்க் கூடுகிறது, கவனித்தீர்களா? மிகச் சரியான விதி அது. முதல் ஏற்றத்தில் படிய வேண்டியதெல்லாம் படிந்துவிட்டது. இரண்டாம் முறை சாக்குச் சொல்ல இடமில்லை.

மதுரை வெயிலில் இந்தச் சோதனைக்கு ஒரு தொல்லை உண்டு. மதியத்தில் பாலத்தின் மேல்தளம் கொதிக்கும், அடிப்பகுதி நிழலில் இருக்கும். மேல் பக்கம் நீண்டு பாலமே முதுகைத் தூக்கும். லாரி கீழே அமுக்க, வெயில் மேலே தூக்க, ரீடிங் குழம்பிவிடும். அதனால் எடை ஏற்றுவதற்கு முன்பே வெப்பத்தால் மட்டும் எவ்வளவு அசைகிறது என்று மணிக்கொரு தரம் குறித்துக்கொண்டு, பிறகு அதைக் கழிப்பார்கள்.

மாணவர்களும் சதவீதக் கணக்கைப் போடலாம். 2.40 மில்லிமீட்டர் இறங்கி, எடை எடுத்த பின் 0.30 மிச்சம் நின்றால், திரும்பியது 87.5 சதவீதம். ஐஸ் குச்சிக்கு அது பெருமைப்படத்தக்க மார்க்.

ஏ.வி. பாலமும் தொய்யுமா? தினமும் அதில்தான் போகிறேன்.
*கடைக்காரர், சிம்மக்கல்*

பயப்படாமல் போங்கள் அண்ணாச்சி. கோரிப்பாளையத்தையும் சிம்மக்கல்லையும் சேர்க்கும் அந்தப் பாலம் விக்டோரியா மகாராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர் பெயரில் 1880-களில் எழுந்தது. வளைவுகளால் ஆன பாலம். கர்டர் பாலத்தில் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் அமுங்கும். வளைவில் மேலே வைத்த எடை முழுக்க அமுக்கமாகவே மாறி, வளைவு வழியே இறங்கி, தூணுக்குப் போய்விடும். கல்லுக்கு அமுக்கம் பிடிக்கும், இழுப்பு ஆகாது. நடுவில் இறங்குகிற அளவும் மிகச் சொற்பம்.

ஆனால் வளைவுக்கு ஒரு பிடிவாதம்: கால்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கால் நகர்ந்தால் வளைவு விழும். வளைவுப் பாலம் செய்யும் மாணவர்கள் வழுவழுப்பான மேசையில் வைத்துவிட்டு, குச்சி பலமில்லை என்று நொந்துகொள்வது இதனால்தான். அடியில் இரண்டு காலையும் சேர்த்து ஒரு கயிறோ சட்டமோ கட்டுங்கள். அதே வளைவு வேறு பாலம் ஆகிவிடும்.

ஏ.வி. பாலம் நினைவுக்கு வந்தால் சித்திரைத் திருவிழாவும் வரும். அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகையின் இரு கரையிலும் பாலங்களிலும் நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இதை ஐ.ஆர்.சி. மறக்கவில்லை. பாலத்து நடைபாதைக்குச் சாதாரணமாகச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று கணக்கு. புண்ணியத் தலங்களுக்கு அருகிலும் பெருந்திருவிழா கூடும் ஊர்களிலும் உள்ள பாலங்களுக்கு அதை 500 கிலோவாக உயர்த்தச் சொல்கிறது விதி. ஒரு சதுர மீட்டரில் ஏழெட்டுப் பேர். மதுரைக்காரர் யாராவது அந்தக் குழுவில் இருந்திருப்பாரோ என்று நினைக்க வைக்கும் விதி.

எங்கள் பாலம் எப்போதும் மேல்பக்கம் பக்கவாட்டில் சாய்ந்தே உடைகிறது. கீழ்ப்பக்கம் அப்படியே இருக்கிறது. ஏன்?
*சிவில் மூன்றாம் ஆண்டு மாணவர், விருதுநகர்*

ஏனென்றால் மேல் சட்டம் அமுக்கத்தில் இருக்கிறது. அமுக்கத்தில் உள்ள ஒல்லியான குச்சி நசுங்கும் முன்பே வளைந்து விலகிவிடும்.

பாலம் கட்டுகிறவர்களுக்கு இதைக் கண்முன்னே காட்டியது ஒரு மாதிரிப் பாலம். 1840-களில் வேல்ஸில் மெனாய் நீரிணைக்கு மேல் 460 அடி இடைவெளியை ரயிலுக்காகத் தாண்ட வேண்டியிருந்தது. ராபர்ட் ஸ்டீபன்சன் இரும்புத் தகட்டுக் குழாய்க்குள் ரயிலை விடலாம் என்றார். அப்படியொன்றை யாரும் கட்டியதில்லை. வில்லியம் ஃபேர்பேர்ன் லண்டன் மில்வாலில் உள்ள தன் பட்டறையில் வட்டக் குழாய், முட்டை வடிவக் குழாய், செவ்வகக் குழாய் என்று மாதிரி செய்து எடை ஏற்றினார். அதுவரை எல்லோரும் இரும்பு அடிப்பக்கம் கிழியும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். மெல்லிய தகடோ மேல்பக்கம் சுருங்கி மடிந்தது. பிறகு ஆறில் ஒரு பங்கு அளவில், சுமார் 75 அடி நீளத்தில் ஒரு பெரிய மாதிரி. உடையும்வரை ஏற்றினார், உடைந்த இடத்தைப் பழுதுபார்த்துப் பலப்படுத்தி மறுபடி ஏற்றினார், மறுபடி, மறுபடி. அதிலிருந்து பிறந்ததுதான் மேல்பக்கமெல்லாம் அறை அறையாகத் தடுத்த செவ்வகக் குழாய். பிரிட்டானியா பாலம் 1850-இல் திறந்தது.

ஒரு தடவை உடைத்ததோடு வீட்டுக்குப் போகாதீர்கள். உடைந்த இடத்தை மட்டும் சீர்செய்து திரும்ப ஏற்றுங்கள். மேல் சட்டத்தின் இரு பக்கத்தையும் குறுக்குக் குச்சிகளால் இணையுங்கள். கட்டில்லாத நீளம் பாதியானால் சாயாமல் தாங்கும் எடை நான்கு மடங்கு.

குச்சியைப் படுக்கையாக ஒட்டுவதா, நிமிர்த்தி ஒட்டுவதா?
*டிப்ளமோ மாணவர், திருமங்கலம்*

நிமிர்த்தி. 10 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம் உள்ள குச்சி நிமிர்ந்து நின்றால் படுத்திருப்பதைவிட 25 மடங்கு விறைப்பு. காசு செலவில்லாமல் கிடைக்கிற 25 மடங்கு.

எடைக்கு மணலா, தண்ணீரா?
*அதே மாணவர்*

தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ, சீராக ஏற்றலாம், குழாயைத் திருகினால் நின்றுவிடும். மணல் ஈரத்துக்கு ஈரம் எடை மாறும். தராசு இருந்தால் மணலும் ஆகலாம். வைகையில் மிஞ்சியிருப்பதை எடுக்க வேண்டாம், எம்-சாண்ட் போதும். வாளியின் அடி தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காலில் ஷூ கட்டாயம்.

ஃபெவிகால் எவ்வளவு நேரம் காய வேண்டும்?
*பெயர் ஊர் இல்லை*

முழுசாக ஒரு நாள், துணிக் கிளிப் போட்டு இறுக்கி. காய்ந்த பிறகும் அந்தப் பசை எடைக்கு மெல்ல மெல்ல இளகிக்கொடுக்கும். சந்தேகம் என்றால் பாதி எடையைத் தொங்கவிட்டுச் சாயங்காலம் ஒரு ரீடிங், மறுநாள் காலையில் ஒரு ரீடிங் எடுங்கள். எடை கூடாமலே தொய்வு கூடியிருக்கும். கான்கிரீட்டும் இதைச் செய்யும், வருஷக்கணக்கில்.

2021-இல் நத்தம் சாலையில் பாலம் விழுந்ததே, சுமைச் சோதனை செய்யாததால்தானா?
*வாசகர், நாராயணபுரம்*

இல்லை. அதை இதோடு குழப்பக் கூடாது. 2021 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, கட்டிக்கொண்டிருந்த பாலத்தில் கர்டரை ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை நடந்தபோது அது விழுந்தது. பிழைப்புக்காக வடக்கிலிருந்து வந்திருந்த ஒரு தொழிலாளி இறந்துபோனார். 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மேம்பாலம் 2023 ஏப்ரலில் திறந்தது. இன்று அதில் போகிறவர்கள் அந்த மனிதரை ஒரு கணம் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கட்டி முடித்த பாலத்துக்குச் செய்கிற சோதனை, கட்டும்போது நேர்கிற ஆபத்தைத் தடுக்காது. கர்டர் நடுவில் உடைவது ஒரு வகை; உட்கார்ந்த இடத்திலிருந்து நழுவுவது வேறு வகை. தூக்கும் நேரத்தில் அது தற்காலிகத் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. மாணவர்களின் மேசையிலும் பாதிப் பாலங்கள் எடை நடுவில் தொங்காமல் ஓரம் சாய்ந்து, கால் நழுவித்தான் விழுகின்றன. அப்படி விழுந்தால் 'பாலம் இத்தனை கிலோ தாங்கியது' என்று எழுதாதீர்கள். 'கால் நழுவியது' என்று எழுதுங்கள்.

பழைய பாம்பன் பாலம் ஓய்வுக்கு வந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
*ரயில் பயணி, மானாமதுரை*

கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1914 பிப்ரவரியில் திறந்த பாலம் அது. கடல் உப்புக் காற்று இரும்பை விடவே விடாது. கடைசி ஆண்டுகளில் சென்சார்கள் பொருத்தி, ரயில் போகும்போது அதிர்வையும் அசைவையும் கண்காணித்தார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடித்தார்கள். கஷ்டம்தான். ஆனால் 2022 அக்டோபரில் குஜராத்தின் மோர்பியில், பழுதுபார்த்துத் திறந்த தொங்குபாலம் நாலே நாளில் அறுந்து 135 பேர் இறந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகுதிச் சான்று வாங்காமலே மக்களை ஏற்றிய பாலம் அது.

60 சென்டிமீட்டர் மாதிரி 40 கிலோ தாங்குகிறது. இதையே 100 மடங்கு பெரிதாக்கினால் 60 மீட்டர் பாலம் வந்துவிடுமே!
*பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், சோழவந்தான்*

வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற பாலமாக இராது. எல்லா அளவையும் 100 மடங்காக்கினால் குச்சியின் குறுக்குவெட்டு 10,000 மடங்கு. எனவே பலமும் 10,000 மடங்கு. எடையோ நீளம், அகலம், கனம் மூன்றும் சேர்ந்து 10 லட்சம் மடங்கு. உங்கள் 400 கிராம் பாலம் 400 டன் ஆகும். நடுவில் தாங்கக்கூடியதும் 400 டன். பரவிக்கிடக்கும் எடை, நடுவில் தொங்கும் எடையில் பாதி அளவுக்குத்தான் வளைக்கும் என்பதால், பாதிச் சக்தி தன்னைச் சுமப்பதற்கே தீர்ந்துவிடும். தன்னைப்போல் 100 மடங்கு தூக்கியது, பெரிதானதும் தன் எடையில் பாதியைத்தான் தூக்கும். கலிலியோ 1638-இல் எழுதிய புத்தகத்தில் விளக்கிய விஷயம் இது.

குச்சி குச்சியாக இரவெல்லாம் ஒட்டி, மறுநாள் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிட்டு வருகிறான் என் மகன். இதில் என்ன படிப்பு இருக்கிறது?
*ஒரு தாய், வாடிப்பட்டி*

உடைத்ததில் இல்லை அம்மா. உடையும்வரை பார்த்ததில் இருக்கிறது. எடைக்கு எடை தொய்வு ஒரே சீராகக் கூடிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் திடீரென்று அதிகமாகும். கிராஃப் தாளில் நேர்கோடு அங்கே வளையும். உடைவதற்கு முன் பாலம் தருகிற எச்சரிக்கை அது. அந்த இடத்தைத் தன் கையால் ஒரு தரம் குறித்த பிள்ளை, நாளைக்கு ஒரு நிஜப் பாலத்துக்குக் கையெழுத்துப் போடும்போது ரீடிங்கைப் பார்க்காமல் போட மாட்டான். இன்று ராத்திரி அவன் வந்ததும் 'எத்தனை கிலோ?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை மில்லிமீட்டர்?' என்று கேளுங்கள்.

எங்கள் துறையில் அடுத்த மாதம் பாலப் போட்டி. விதிகளை எப்படி அமைக்கலாம்?
*உதவிப் பேராசிரியர், மதுரை*

பேராசிரியரே, ஒரே ஒரு மாற்றம் போதும்: உடைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஒவ்வொரு அணியும் தன் பாலம் 10 கிலோவில் எவ்வளவு தொய்யும் என்று கணக்குப் போட்டு உறையில் ஒட்டித் தரட்டும். அந்தப் பத்துக் கிலோவை இரண்டிரண்டாக ஏற்றுங்கள். பத்து நிமிடம் விட்டு ரீடிங். இறக்குங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடி ரீடிங். உறையைப் பிரித்து, சொன்னதும் வந்ததும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு ஒரு மார்க், எவ்வளவு திரும்பியது என்பதற்கு ஒரு மார்க். பாதி மதிப்பெண் இவற்றுக்கே போகட்டும். அதற்குப் பிறகு உடைக்கலாம், கைதட்டலாம்.

நேரம் ஆகும் என்பீர்கள். ஆகும். 30 அணிகளுக்குப் பதில் 15 அணிகளை எடுங்கள். 1957-இல் தியாகராசர் பொறியியற் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து பொறியாளர்களை உருவாக்கி வரும் ஊர் இது. பாதிப் போட்டியோடு திருப்திப்பட வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் போட்டி நடத்தும் ஒவ்வொரு துறையும் ஒரு டயல் கேஜையாவது மேடைக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் எழுதிய ரீடிங் தாள்களை உடைந்த குச்சிகளோடு பெருக்கித் தள்ளாமல், கோப்பில் சேர்த்து, அடுத்த ஆண்டு வரும் ஜூனியர்களின் கையில் கொடுங்கள்.